வரிக்கு முன்னால் ஒரு வெற்றிடம்

அத்தியாயம் 9

தையல் கடையில் இரண்டு மெஷின். ஒன்றில் அக்கா பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றின் முன்னால் தங்கை சும்மா உட்கார்ந்திருந்தாள். தைத்து வந்த சட்டைகளில் நூல் பிசிறு நறுக்குவதுதான் இந்த மூன்று வாரமாக அவள் வேலை. கையிலிருந்த சட்டையில் பிசிறே இல்லை. இருந்தாலும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன் அவள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பெண் போன் செய்து, அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார் என்றாள். ஆறாம் தெருவும் வடக்கு வீதியும் சேரும் முனையில் வீடு. ஆபரேட்டர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, கணினியில் அடித்து அனுப்பினாள். வண்டிக்குப் போய்ச் சேர்ந்ததோ ‘வடக்கு வீதி முனை’ மட்டும். வடக்கு வீதிக்கு நிஜமாகவே ஒரு முனை இருந்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ரயில்வே கேட் பக்கம். டிரைவர் அங்கே போய்த் தேடிவிட்டுத் திரும்பி வருவதற்குள் பதினான்கு நிமிடம் போய்விட்டது. பள்ளி வேன் ஓட்டிப் பிழைத்த அந்த அப்பாவும் போய்விட்டார்.

குரல் பதிவில் முழு முகவரி இருந்தது. வண்டிக்குப் போனதைப் பதியும் ஏட்டில் பாதிதான் இருந்தது. ஆக, சரியாகக் கேட்டுவிட்டு அரைகுறையாக அடித்தவள் என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை இன்றைக்கு மூன்று மணிக்கு. குற்றம் உறுதியானால் வேலை போவதோடு போலீஸ் கேஸும் உண்டு. இப்போது மணி பத்து.

எதிரே நின்ற துப்பறிபவரையும் அவர் உதவியாளரையும் தேடிப் பிடித்தவள் அக்காதான். துப்பறிபவரை ஊரில் புரூஃப் சார் என்பார்கள். அச்சகத்தில் இருபது வருஷம் பிழை திருத்தியவர். அச்சகம் மூடியதும் மனிதர்களின் பிழைகளுக்கு மாறிக்கொண்டார். சட்டைப் பையில் இன்னமும் ஆறங்குல இரும்பு ஸ்கேல் இருக்கும். உதவியாளருக்கு வயது முப்பத்தாறு, பெயர் வாலு. அம்மா அப்பா வைத்த பெயர் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் மட்டும்தான் இருக்கிறது. கணினிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தவள், அது அலுத்துப்போய் நாலு வருஷம் முன்பு சாரிடம் வந்து சேர்ந்தாள். வாய் நிற்காது.

“நீங்க முழுசா அடிச்சீங்களாம்மா?” என்று கேட்டார் புரூஃப் சார்.

“அடிச்சேன்னுதான் நினைச்சேன். இப்போ பாதிதான் அடிச்சிருப்பேன்னு தோணுது. எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க.”

டோக்கன் நம்பரை வாசிப்பதுபோல அதைச் சொன்னாள்.

“பத்துப் பேர் ஒண்ணா உக்காந்து ஒரே தப்பைச் சொன்னா அதுக்குப் பேருதான் கமிட்டி,” என்றாள் வாலு. அக்கா லேசாகச் சிரித்தாள். தங்கை முகத்தில் எதுவும் அசையவில்லை.

அன்றைய ஏட்டின் நகலை மெஷின் பலகையில் விரித்து, இடது ஓரமாக ஸ்கேலை நிறுத்தினார் புரூஃப் சார். நாற்பது வரி. முப்பத்தொன்பது வரி ஸ்கேலை ஒட்டிக்கொண்டு நின்றன. ‘வடக்கு வீதி முனை’ மட்டும் ஓர் எழுத்து அளவு உள்ளே தள்ளியிருந்தது.

“சார், காலி இடத்தைப் பாத்துச் சந்தோஷப்படற ஒரே ஆள் நீங்கதான்.”

“காலி இடமும் ஒரு எழுத்துதான் வாலு. யாராவது தட்டினாத்தான் வரும்.” அவர் ஆபரேட்டர் பக்கம் திரும்பினார். “வரி ஆரம்பிக்கும்போதே இடம் விட்டு அடிக்கிற பழக்கம் உண்டா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்படின்னா வடக்குங்கற வார்த்தைக்கு முன்னாடி வேற என்னமோ இருந்திருக்கு. என்ன அடிச்சீங்கன்னு இந்தத் துணிமேலயே அடிச்சுக் காட்டுங்க. மனசை விடுங்க, விரல் சொல்லட்டும்.”

அவள் சட்டைத் துணியின்மேல் விரல்களை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். நடுவில் இடது கை ஷிப்டுக்கு நகர்ந்தது, வலது ஆள்காட்டி விரல் மேல் வரிசைக்கு ஏறி இறங்கியது. வாலு அதைப் பிடித்துக்கொண்டாள். அது ‘&’. ஏன் அந்தக் குறி என்று கேட்டதற்கு, ஆபரேட்டர் வேலைக்கு வருமுன் ஆறு வருஷம் கடைப் பலகைக்குக் கணினியில் எழுத்து அடிக்கும் இடத்தில் இருந்தேன், ‘மற்றும்’ என்று எழுதினால் கடைப் பெயருக்கு இடம் பத்தாது, கை அப்படியே பழகிவிட்டது என்றாள். மற்ற ஆபரேட்டர்கள் கமா போடுவார்களாம்.

“சார்,” என்றாள் வாலு, “அந்தக் குறிக்கு முன்னால இருந்தது, குறி, ரெண்டும் காணாமப் போயிருக்கு. குறிக்குப் பின்னால விட்ட இடைவெளி மட்டும் தப்பிச்சு வந்திருக்கு.”

“ஒண்ணு தற்செயல். இன்னும் நாலு கிடைச்சா சாட்சி,” என்று ஸ்கேலைப் பைக்குள் போட்டார் அவர்.

கட்டுப்பாட்டு அறையில் பத்து நாற்காலிகள். ஒன்று காலி. அதன்மேல் பூப்போட்ட குஷன் ஒன்று அப்படியே கிடந்தது. சூப்பர்வைசர் கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் அவருக்கும் விசாரணை பயம் இருந்தது. அவர்களைத் தள்ளி உட்காரவைத்து, ஆறு மாத ஏடுகளைக் கொடுத்தார். புரூஃப் சார் ஸ்கேலைப் பக்கம் பக்கமாக இறக்கிக்கொண்டே போனார். வாலு குறித்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரத்தில் ஏழு வரிகள் சிக்கின, ஏழும் ஓர் எழுத்து உள்ளே தள்ளியவை. ‘எண்ணெய் மண்டி’ என்று ஒன்று. குரல் பதிவைக் கேட்டால் ‘அரிசி, எண்ணெய் மண்டி’. ‘சலவைக் கடை’ என்று ஒன்று. பதிவில் ‘தையல், சலவைக் கடை’. மிச்சப் பாதியை வைத்தே டிரைவர்கள் இடம் கண்டுபிடித்துவிட்டதால் யாரும் புகார் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏழும் அந்தப் பெண் அடித்ததாகத்தான் இருக்கும், அவளுக்கு அதுவே பழக்கம் என்று அலுத்துக்கொண்டார். ஆறு வரியில் அவர் சொன்னது சரி. ஏழாவது வரி ‘மூட்டு மருத்துவமனை’. தேதியைப் பார்த்தால் அன்று அவள் லீவு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து ‘எலும்பு & மூட்டு மருத்துவமனை’ என்று ஆஸ்பத்திரிப் பலகையில் உள்ளபடியே அடித்தவர் சூப்பர்வைசர்.

“எலும்பை எங்க சார் விட்டீங்க?” என்று கேட்டாள் வாலு.

அவர் அதைப் பலமுறை படித்தார். பிறகு காலி நாற்காலியில் உட்கார்ந்து, ‘ஆறாம் தெரு & வடக்கு வீதி முனை’ என்று அடித்து அனுப்பினார்.

வண்டிக்குப் போவதைக் காட்டும் எதிர்த் திரையில் முழுசாக வந்தது. ஓரத்தில் இடைவெளிகூட இல்லை.

மூன்று தடவை செய்து பார்த்தார்கள். மூன்று தடவையும் சரியாக வந்தது. அப்புறம்தான் சூப்பர்வைசருக்கு ஞாபகம் வந்தது. சாவு நடந்த மூன்றாம் நாள், கணினி போட்டுக் கொடுத்த நிறுவனத்து டெக்னீஷியன் வந்து ஏதோ புதுப்பித்துவிட்டுப் போனானாம். இனி விசாரணையில் யார் வேண்டுமானாலும் அடித்துப் பார்க்கலாம், எல்லாம் சரியாகத்தான் வரும். ஏழு வரிகளையும் அவசரத்தில் அடித்த ஆட்களின் கைப்பிழை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

டெக்னீஷியன் உட்கார்ந்த அறை ஒரு ஸ்டேஷனரி கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. ஏசியிலிருந்து தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் ஒன்றும் தெரியாது என்றான். புரூஃப் சார் ஏழு வரிகளையும் அவன் முன்னால் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவனே எழுந்து கதவைச் சாத்தினான்.

தவறு தங்கள் நிரலில் இல்லை என்றான். இணையத்தில் யாரோ இலவசமாகப் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன உதவி நிரலை எடுத்து நடுவில் செருகியிருந்தார்களாம். சாவுக்குப் பிறகுதான் அதன்மேல் சந்தேகம் வந்து கழற்றி எறிந்தார்களாம். பழைய பிரதியை இன்று சாயங்காலத்துக்குள் அழித்துவிடச் சொல்லி முதலாளி உத்தரவு. காட்டலாம், கொடுக்க முடியாது. விசாரணைக்கும் வரமாட்டேன், வந்தால் வேலை போய்விடும் என்றான்.

திரையில் கோப்பைத் திறந்தான். வாலு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

மொத்தமே அறுபது வரிதான். நடுவில் ஒரு வரிக்குப் பக்கத்தில், கணினி படிக்காத, மனிதர்களுக்காக மட்டும் எழுதி வைக்கும் குறிப்பு ஒன்று இருந்தது:

‘துண்டு துண்டாகவெல்லாம் வராது. வந்தால் கடைசித் துண்டுதான் ருசி, மற்றதை நாய்க்குப் போடு.’

“எழுதினவன் செம நக்கல் பிடிச்ச ஆளு,” என்றான் டெக்னீஷியன்.

வாலுவுக்கு வாளியில் தண்ணீர் சொட்டுவது மட்டும் துல்லியமாகக் கேட்டது. தன் கை மேஜைமேல் இருப்பது தெரிந்தது. அது தன் கைதான் என்பதுதான் தெரியவில்லை, பக்கத்தில் யாரோ கழற்றி வைத்த கையுறைபோல இருந்தது.

புரூஃப் சார் விளக்கம் கேட்டார். வாலுவே சொன்னாள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வண்டிக்குத் தகவல் எக்ஸ்.எம்.எல். என்ற வடிவத்தில் போகிறது. ஒவ்வொரு தகவலுக்கும் முன்னும் பின்னும் பெயர்ச்சீட்டு ஒட்டி அனுப்புவது, அவ்வளவுதான். வாங்கும் பக்கம் அதை மொத்தமாகப் படிக்காமல், ஒருவன் வாசிக்க வாசிக்க இன்னொருவன் எழுதிக்கொள்வதுபோல எடுத்துக்கொள்ளும். முகவரிச் சீட்டு ஆரம்பம் என்று வாசிப்பவன் கூப்பிடுவான், எழுத்து இது என்பான், சீட்டு முடிந்தது என்பான். ‘&’ அந்த வடிவத்தில் விசேஷமான குறி. அதனால் அதற்கு வேஷம் போட்டுத்தான் அனுப்புவார்கள். வாசிப்பவன் அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, வேஷத்தைக் கலைத்துவிட்டுத் தொடர்வான். ஆக ஒரே முகவரி மூன்று தடவையாக வரும். முதலில் ஆறாம் தெரு, அடுத்தது குறி, கடைசியில் ஓர் இடைவெளியோடு வடக்கு வீதி முனை. மூன்றையும் சேர்த்து ஒட்டவேண்டியது இந்த உதவி நிரலின் வேலை. இது ஒட்டவில்லை. புதுத் துண்டு வந்ததும் பழையதை அழித்துவிட்டது. எழுதியவர் ஒரே துண்டாகத்தான் வரும் என்று நினைத்துவிட்டார். ஆறு வருஷம் முன்பே ஒருவர் இதை எழுதிச் சுட்டிக்காட்டியும் திருத்தவில்லை.

ஒரு நகைச்சுவைகூட இல்லாமல் அவ்வளவையும் சொல்லி முடித்தாள்.

மாடிப்படி இறங்கும்போது புரூஃப் சார் நடு வளைவில் நின்றார்.

“ஆறு வருஷம் முன்னாடி யாரோ எழுதினாங்கன்னு சொன்னியே. அது அந்தத் திரையில எங்க இருந்தது?”

“அதுல இல்ல சார்.”

கீழே கடையில் யாரோ பேப்பர் கட்டைப் பிரிக்கும் சத்தம் வந்தது.

“அந்த நிரலையே நான்தான் எழுதினேன்,” என்றாள் வாலு. “ஒன்பது வருஷம் இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை, சோறு வேகறதுக்குள்ள. யார் வேணா எடுத்துக்கலாம்னு போட்டு வெச்சேன்.”

மிச்சத்தையும் படியில் நின்றபடியே சொன்னாள். ஒரு நூலகப் பட்டியலாளர், நிரலைப் போட்டுவைத்த இணையப் பக்கத்தில் எழுதியிருந்தார். ‘&’ உள்ள புத்தகத் தலைப்புகளெல்லாம் பாதியாகிவிடுகின்றன, தயவுசெய்து கவனியுங்கள் என்று. அதற்கு இவள் எல்லோரும் பார்க்க ஒரு பதில் போட்டாள்: ‘அப்படியானால் அந்தக் குறி இல்லாத புத்தகமாக வாங்குங்கள்.’ ஆபீசில் எல்லோரும் படித்துச் சிரித்தார்கள். அன்று மத்தியானம் டீ குடிக்கும்வரை அதே பேச்சு. அந்த மனுஷர் அப்புறம் எழுதவே இல்லை.

“அழிச்சிடலாம்ல அந்தப் பதிலை?” என்றார் புரூஃப் சார்.

“ஒரு பட்டன்தான். அழுத்தினா போயிடும்.”

“அந்தக் கம்பெனிக்காரனும் பழைய பிரதியை அழிச்சிடுவான்.”

“ஆமா.”

“மணி ரெண்டே கால்,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள். அவள் மடியில் கணினி இருந்தது, திறக்கவில்லை. ஏதாவது தோன்றும் என்று பார்த்தாள். அழுகை, பயம், எதுவாக இருந்தாலும் சரி. எதுவும் வரவில்லை. டிக்கெட்டை எட்டாக மடித்தாள். மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதானதும் கையில் வைத்துக்கொண்டாள்.

விசாரணை அறையில் நீள மேஜை. மூன்று பேர் குழு, தலைவியாக ஒரு டாக்டர் அம்மாள். ஒரு பக்கம் ஆபரேட்டரும் அக்காவும். எதிர்ப்பக்கம் கணினி நிறுவனத்து மேனேஜர். சுவரோரமாக ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். இறந்தவரின் மகள். அப்பாவின் செருப்புக் கடை பில்லோ ஆஸ்பத்திரிச் சீட்டோ, ஏதோ காகிதம் எட்டிப் பார்த்த பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் ‘&’ போட்டு ஒரு முகவரி அனுப்பிக் காட்டினார். முழுசாக வந்தது. ஏழு வரிகளைப் பற்றிப் புரூஃப் சார் சொன்னதற்கு, கைப்பிழை என்றார். பழைய உதவி நிரல் பற்றிக் கேட்டதற்கு, அப்படி ஒன்றை நாங்கள் பயன்படுத்தியதே இல்லை என்றார். தலைவி ஆபரேட்டரைப் பார்த்து, சொல்வதற்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். அவள் இல்லை என்றாள்.

வாலு எழுந்தாள். அந்தப் பழைய நிரல் இணையத்தில் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது என்று சொல்லி, தன் கணினியில் அதை எல்லோர் கண் முன்னாலும் இறக்கினாள். தலைவியையே ‘ஆறாம் தெரு & வடக்கு வீதி முனை’ என்று அடிக்கச் சொன்னாள். அம்மாள் இரண்டு விரலால் நிதானமாக அடித்தார். திரையில் ‘வடக்கு வீதி முனை’ வந்தது. புரூஃப் சார் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துத் திரையின் ஓரத்தில் வைத்தார். ஓர் எழுத்து உள்ளே தள்ளியிருந்தது, ஏட்டில் இருந்த மாதிரியே.

“யாரோ எழுதின நிரலுக்கு எங்களை எப்படி...” என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

“யாரோ இல்ல. நான்,” என்றாள் வாலு.

நூலகப் பட்டியலாளரின் கடிதத்தை வாசித்தாள். தன் பதிலையும் தேதியோடு வாசித்தாள். வாசிக்கும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள் முடித்ததும், அந்த நிரலை நாங்கள் எடுத்ததற்கு என்ன ஆதாரம் என்று மேனேஜர் கேட்டார். அப்போது கதவருகில் ஒரு அசைவு. டெக்னீஷியன் நின்றுகொண்டிருந்தான், கையில் ஒரு பென்டிரைவ். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. யாரையும் பார்க்காமல் நேராகப் போய்த் தலைவி முன்னால் வைத்துவிட்டு, “இதுதான் அன்னிக்கு ஓடினது,” என்றான்.

அப்புறம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆபரேட்டர்மேல் குற்றமில்லை, திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். நிறுவனத்தின்மேல் தனி விசாரணை. வாலுவின் முகவரியையும் வாங்கிக்கொண்டார்கள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தங்கை எழுந்து வாலுவிடம் வந்தாள்.

“அப்போ நான் முழுசா அடிச்சேனா?”

“முழுசா அடிச்சீங்க.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பினாளா என்று சொல்லமுடியாது. திரும்பிப் போகும்போது வலது ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே போனாள்.

அறை காலியானது. புரூஃப் சார் வெளியே நடையில் நின்றார். மகள் மட்டும் சுவரோர நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வாலு பக்கத்தில் போய் நின்றாள்.

“உங்ககிட்ட மன்னிப்பு...”

“கேக்காதீங்க. கேட்டா நான் ஏதாவது பதில் சொல்லணும். என்கிட்ட எதுவும் இல்ல.”

வாலு நின்றாள்.

“நான் தெருமுனையில நின்னுட்டு இருந்தேன்,” என்றாள் மகள். “வண்டி வந்தா கை காட்டலாம்னு. உள்ள அப்பா தனியா இருந்தாரு. முனைன்னு சொல்லியிருக்கோமே, பாத்துட்டு வந்துடுவாங்கன்னு நினைச்சேன்.” வாலுவின் கணினியைப் பார்த்துக் கேட்டாள். “நீங்க எழுதினதை வேற யாராவது எடுத்திருக்காங்களா?”

“தெரியல. யார் வேணா எடுத்துக்கலாம்.”

“பாக்க முடியாதா?”

பார்க்க முடியும். அந்தப் பக்கத்தின் அடியில் எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற கணக்கும், பெயர் கொடுத்தவர்களின் பட்டியலும் இருக்கும். ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவை பெருமைக்காகப் பார்த்திருக்கிறாள். திறந்தாள். திரையை மகள் பக்கம் திருப்பினாள்.

நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.

மகள் அதைப் படித்தாள். பையைக் கீழே வைத்தாள். பக்கத்து நாற்காலியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தரையில் வைத்து, நாற்காலியைத் தன் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க,” என்றாள். “முதல்ல இதை எடுத்த ஆஸ்பத்திரிங்க யாரு யாருன்னு பாருங்க. நீங்க எழுதுங்க, நான் போன் பண்ணிச் சொல்றேன்.”

வாலு உட்கார்ந்தாள்.